பேட்ச் எண்ணைச் சொல்லுங்கள், பயப்படுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்: வாசகர் கேள்வி பதில்

உணவு, மருந்து பற்றி அரசுத் துறைகள் வெளியிடும் எச்சரிக்கைகளைக் குறித்துக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இருமல் மருந்து பற்றித்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரம் வந்தபோது ஒரு சேனலில் ‘மருந்தில் விஷம்’ என்றார்கள். இன்னொன்றில் ‘மாதிரிகளில் ஒன்றும் இல்லை, மத்திய அரசு விளக்கம்’ என்று ஓடியது. ஒரே நாளில் இரண்டும் எப்படி உண்மையாகும்? என் வீட்டில் இருந்தது வேறு கம்பெனி சிரப். பயத்தில் சிங்க்கில் ஊற்றிவிட்டேன். செய்தது சரியா?
வாசகி, திண்டுக்கல்

இரண்டுமே உண்மைதான் அம்மா, வேதனையே அதில்தான் இருக்கிறது. அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது இதுதான்: குழந்தைகள் இறந்த மத்தியப் பிரதேசத்தில் எடுத்த மாதிரிகளில், அதுவரை சோதித்து முடித்தவற்றில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இல்லை. அதே நாள் இரவுக்குள் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் முடிவு வந்துவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த, இந்த மருந்தைத் தயாரித்த ஸ்ரேசன் ஆலையில் இவர்கள் எடுத்த கோல்ட்ரிஃப், பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எஸ்ஆர்-13, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். கிட்டத்தட்ட பாதி பாட்டில் விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி அறிக்கையில் பொய் இல்லை. ஆனால் ‘எந்தெந்த மருந்தைச் சோதித்தோம், எது இன்னும் பாக்கி இருக்கிறது, முடிவு வரும்வரை இந்தப் பெயர் போட்ட பாட்டிலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்’ என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தால் போதும். அது இல்லாததால் சேனல்காரர்கள் ‘மருந்து பாதுகாப்பானது’ என்று சுருக்கிவிட்டார்கள், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் காதில் விழுந்தது. சோதனை முடியாத நிலையில் ‘இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை இதைச் செய்யுங்கள்’ என்று சொல்வதில் ஒரு அரசுத் துறைக்கு என்ன கௌரவக் குறைச்சல் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்.

தமிழ்நாட்டுத் துறையை இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். அக்டோபர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்ததும் ஆலைக்குப் போனார்கள், விற்பனையை நிறுத்தினார்கள், பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் எல்லாவற்றோடும் முடிவைச் சொன்னார்கள். அந்த ஆலை அத்தனை காலம் எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்டால் அது தனிக் கட்டுரை.

இன்னொரு விஷயம் யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. கோல்ட்ரிஃபில் இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் என்ற இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலேயே அச்சடிக்க வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023லேயே சொல்லிவிட்டது. யாரிடம் சொன்னது? மாநில அதிகாரிகளிடமும் அவர்கள் மூலம் கம்பெனிகளிடமும். குழந்தைக்குச் சளி பிடித்தால் ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிற அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சாவு விழுந்த பிறகுதான், 2025 அக்டோபர் 3 அன்று, 2 வயதுக்குக் கீழ் இருமல் சளி மருந்து எழுதவே வேண்டாம், 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் மறுபடியும் அறிவுரை விட்டது.

1937இல் அமெரிக்காவில் எலிக்சிர் சல்பானிலமைடு என்ற மருந்து, இதே வேதிப்பொருள் கலந்திருந்ததால், 100க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போது அந்த நாட்டு அதிகாரிகள் கடைகளின் விற்பனைப் பதிவுகளையும் டாக்டர்களின் சீட்டுகளையும் வைத்து ஆளைத் தேடிப்போய்ப் பாட்டில்களை மீட்டார்கள், ரேடியோவிலும் பத்திரிகையிலும் எச்சரித்தார்கள். செல்போன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது.

சரி, நீங்கள் ஊற்றியது. வேறு கம்பெனி சிரப் என்றால் அவசரமே இல்லை, முதலில் லேபிளைப் பார்த்திருக்கலாம். குழந்தை ஏற்கெனவே குடித்திருந்தால் பாட்டிலை ஊற்றாமல் வைத்திருப்பதுதான் நல்லது, சோதிக்க அது வேண்டும். எந்தச் சிரப்பாக இருந்தாலும் சரி, குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, சோர்வு இருந்து, கூடவே சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நஞ்சின் முக்கியமான அடையாளம் அதுதான். அத்தனை மணி நேரச் செய்தியில் இந்த ஒரு வரியை நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள்?

மாதாமாதம் ‘பாராசிட்டமால் தரமற்றது, பிரஷர் மாத்திரை தரமற்றது’ என்று செய்தி வருகிறது. என் கணவர் டெல்மிசார்ட்டான் போடுகிறார். நிறுத்திவிடலாமா?
வாசகி, நாகர்கோவில்

நிறுத்தவே கூடாது. மாத்திரையை நிறுத்தி பிரஷர் ஏறினால் வரும் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரியது.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு மாதமும் சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியல் வெளியிடுகிறது. அதில் இருப்பது கம்பெனிப் பெயரும் பேட்ச் எண்ணும். அந்த ஒரு பேட்ச் தேறவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். காரணமும் பலவிதம். வயிற்றில் கரைய வேண்டிய வேகத்தில் கரையவில்லை, மருந்தின் அளவு கொஞ்சம் குறைவு, உள்ளே ஏதோ துகள் இருந்தது என்று போகும். துகள் கலந்த ஊசி மருந்தும் மெதுவாகக் கரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கும், எது அவசரம் எது சாதாரணம் என்று பட்டியல் சொல்லாது. டெல்மிசார்ட்டான், பாராசிட்டமால், கால்சியம் மாத்திரையான ஷெல்கால், வயிற்று அமிலத்துக்குப் போடும் பான் டி எல்லாம் 2024 செப்டம்பரில் வந்த பட்டியலில் இருந்ததால் நாடே அலறியது. பிறகு சில கம்பெனிகள் ‘அந்த பேட்ச் எங்களுடையதே இல்லை, யாரோ போலி அடித்திருக்கிறார்கள்’ என்றார்கள். நிஜமாகக் கவலைப்பட வேண்டிய செய்தி அதுதான், ஆனால் அதற்குள் டிவி வேறு விஷயத்துக்குப் போயிருந்தது.

கணவரின் அட்டையில் உள்ள பேட்ச் எண் பட்டியலில் இருந்தால் கடையில் கொடுத்து வேறு பேட்ச் வாங்குங்கள். இல்லையென்றால் வழக்கம்போல் போடட்டும். இனி மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் கடைக்காரரிடம் பேட்ச் எண் இருக்கும் ஓரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். முறைப்பார், பரவாயில்லை.

சுகர் இருப்பதால் டயட் கோலா குடிக்கிறேன். அதில் உள்ள அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லிவிட்டதாமே?
வாசகர், கோவை

2023 ஜூலையில் ஒரே நாளில் அந்த அமைப்போடு தொடர்புள்ள இரண்டு குழுக்கள் பேசின. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அஸ்பார்டேமை ‘2பி’ என்ற பட்டியலில் சேர்த்தது. புற்றுநோய் வர வாய்ப்பிருக்கலாம், ஆதாரம் கம்மி என்று சொல்லும் வகுப்பு அது. உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட தினமும் 9 முதல் 14 கேன் வரை குடிக்க வேண்டும்.

முதல் குழு பார்ப்பது அந்தப் பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் குணம் இருக்கிறதா, அதற்கு எவ்வளவு ஆதாரம் என்பதை மட்டும். எவ்வளவு சாப்பிட்டால் எத்தனை பேருக்கு வரும் என்பது அதன் வேலையே இல்லை. அதனால்தான் 2015இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகுப்பில், அதாவது புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில், வைத்ததும் ‘சாசேஜும் சிகரெட்டும் ஒன்று’ என்று உலகம் முழுக்கத் தலைப்பு வந்தது. ஆதாரத்தின் உறுதி ஒன்றுதான், ஆபத்தின் அளவு ஒன்றில்லை. சிங்கத்தைக் கூண்டுக்குள் பார்ப்பதும் குகைக்குள் பார்ப்பதும் ஒன்றா, அந்த மாதிரி. இதைப் பல வருடமாக அந்த முகமை தன் குறிப்புகளில் பொறுமையாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறது, பட்டியலைப் படிக்கிற யாரும் குறிப்பைப் படிப்பதில்லை. என்னைக் கேட்டால் தப்பு படிக்கிறவர்களிடம் இல்லை. எண் போட்ட வகுப்பை முன்னால் வைத்துவிட்டு விளக்கத்தைப் பின்னால் வைத்தால் எண்தான் ஊர் சுற்றும்.

அதே 2பி பட்டியலில் ஆசிய முறை உப்பிட்ட காய்கறிகளும் இருக்கின்றன, சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. கற்றாழை ஜூஸை உடம்புக்கு நல்லது என்று காலையில் வெறும் வயிற்றில் குடிப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் முதல் வகுப்பில் என்ன இருக்கிறது தெரியுமா? நம் கொட்டைப்பாக்கு. புகையிலை சேர்க்காவிட்டாலும் அதே வகுப்புதான், சந்தேகமே இல்லாத ஆதாரம். டயட் கோலாவுக்குப் பயப்படும் வீட்டில் தாத்தா மடியில் வெற்றிலைப் பெட்டி, பேரன் பையில் பாக்குப் பொட்டலம். எந்த அரசு இதைச் சத்தமாகச் சொன்னது? புகையிலைக்குப் படம் போட்ட எச்சரிக்கை இருக்கிறது, கல்யாணப் பந்தியின் கடைசியில் தட்டில் வைத்து நீட்டும் பாக்குக்கு என்ன இருக்கிறது?

கோலாவை எப்போதாவது குடியுங்கள். தண்ணீர் இன்னும் நல்லது.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது: கேன் வாட்டரை ‘அதிக ஆபத்துள்ள உணவு’ என்று மத்திய அரசு அறிவித்ததே, பிறகு எதைத்தான் குடிப்பது?
வாசகர், சென்னை வேளச்சேரி

அவர் எப்படி முந்தைய பதிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார் என்று யோசிக்காதீர்கள், அந்த இணைப்பு வரி எங்கள் உதவி ஆசிரியர் போட்டது.

2024 நவம்பர் கடைசியில் வந்த உத்தரவு அது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைத்த குடிநீரை, வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டிய தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. பால், இறைச்சி, மீன், முட்டை எல்லாம் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் உண்டு. அதற்குச் சற்று முன்புதான் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதியை எடுத்திருந்தார்கள். ஒரு பிடி தளர்ந்ததால் இன்னொரு பிடியை இறுக்கினார்கள், அவ்வளவுதான். நமக்குச் சாதகமான உத்தரவு, நம்மைப் பயமுறுத்தியபடி வந்து சேர்ந்தது. உத்தரவு எழுதியவர்கள் அதிகாரிகளுக்கு மட்டும் எழுதினார்கள், மக்களுக்கு என்று நாலு வரி தனியாக எழுத யாருக்கும் தோன்றவில்லை.

முட்டையில் தடைசெய்த மருந்து இருக்கிறது என்று வீடியோ வந்ததும் விற்பனை அடிவாங்கியது. ‘ஒரு மைக்ரோகிராம் வரை அரசே அனுமதிக்கிறது’ என்று வேறு சொல்கிறார்கள். உண்மையா?
கோழிப்பண்ணை வைத்திருக்கும் வாசகர், நாமக்கல்

அனுமதி இல்லை. வீடியோவில் பேசப்பட்ட நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கோழி வளர்ப்பில் எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தக் கூடாது. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்பது நவீன ஆய்வகக் கருவிகள் நம்பகமாகக் கண்டுபிடிக்கும் மிகக் குறைந்த அளவு, நடவடிக்கை எடுக்க அதை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதையே சொல்லி, நாட்டில் விற்கும் முட்டை பாதுகாப்பானது, புற்றுநோயோடு முடிச்சுப் போடுவது தவறு என்று விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரி. ஆனால் வீடியோ ஊரெல்லாம் சுற்றி முடித்த பிறகு வரும் விளக்கத்துக்குப் பாதி பலம்தான். வருடம் முழுக்க எத்தனை முட்டை சோதித்தோம், எத்தனை தேறவில்லை என்று மாதாமாதம் போட்டுக்கொண்டே இருந்தால் அன்று விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஊசி போடுகிறார்கள் என்று அதிகாரிகளே பேட்டி கொடுத்தார்கள். எங்கள் பழம் வயலிலேயே அழுகியது. பிறகு ‘அப்படி எதுவும் இல்லை’ என்றார்கள். நஷ்டம் யார் தலையில்? மக்களை எச்சரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை.
விவசாயி, மரக்காணம்

உங்கள் கடைசி வரிக்காகவே இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன் ஐயா.

முந்தைய வருடம் பஞ்சுமிட்டாயில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் ரோடமின்-பி கண்டுபிடித்துத் தடை போட்டார்கள். அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம், எந்த உணவிலும் அனுமதி கிடையாது. தமிழ்நாட்டிலும் மாதிரி எடுத்து அரசு ஆய்வகத்தில் சோதித்து, சாயம் இருப்பது உறுதியான பிறகுதான் பிப்ரவரி 17ஆம் தேதி தடை வந்தது. மாதிரி, சோதனை, முடிவு, அறிவிப்பு என்று வரிசை சரியாக இருந்தது. அப்போதுகூடப் பிழைப்பு போனது தெருவில் மணியடித்து விற்ற வடமாநிலத் தொழிலாளிக்குத்தான், சாயத்தைப் பொட்டலம் போட்டு விற்றவரின் முகத்தை நாம் பார்க்கவில்லை. இருந்தாலும் எச்சரிக்கைக்கு அடியில் ஒரு ஆய்வறிக்கை இருந்தது.

தர்பூசணியில் வரிசை தலைகீழாகிவிட்டது. கேமரா முன்னால் பழத்தை வெட்டி டிஷ்யூ பேப்பரில் ஒற்றிக் காட்டினார்கள். நல்ல பழத்தின் சாறு பட்டாலும் டிஷ்யூ லேசாகச் சிவக்கும், அது பழத்தின் சொந்த நிறம், லைக்கோபீன். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாச் சிவப்பும் ஒன்று. ஊசி குத்திய பழம் அந்த ஓட்டை வழியாகவே சீக்கிரம் கெடும், சாயமும் சீராகப் பரவாது, வியாபாரிக்கு அதில் என்ன லாபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை பழம் எடுத்தார்கள், எந்த ஆய்வகம், எத்தனையில் சாயம் இருந்தது? இந்த மூன்றும் இல்லாமல் ஒரு அதிகாரி சீருடைத் தோரணையோடு பேசினால், வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. விவசாயிகள் போராடிய பிறகு விளக்கம் வந்தது, அதற்குள் சீசனே போய்விட்டது.

நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். கிடைக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. குறைந்தபட்சம் ஒன்றை விவசாயச் சங்கங்கள் கேட்கலாம்: ஆய்வக முடிவு கையில் இல்லாமல் எந்த விளைபொருளைப் பற்றியும் துறை அதிகாரிகள் பேட்டி கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஒரு விதி.

இங்கே சிங்கப்பூரில் 2024 ஏப்ரலில் எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அறிவிப்பைப் படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஊரில் அம்மாவிடம் கேட்டால் ‘எல்லா மசாலாவும் விஷமாம்’ என்கிறார். ஏன் இந்த வித்தியாசம்?
வாசகி, சிங்கப்பூர்

அந்த அறிவிப்பை நானும் படித்தேன், சின்னதுதான். பொருளின் பெயர், இந்தியாவிலிருந்து வந்தது, எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி அளவுக்கு மேல் இருப்பதாக ஹாங்காங் அறிவித்திருக்கிறது, அதை உணவில் பயன்படுத்த அனுமதி இல்லை, மசாலாப் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்ய மட்டும் சிங்கப்பூர் விதிகள் அனுமதிக்கின்றன. அடுத்துத்தான் முக்கியமான வரி: குறைந்த அளவில் உண்டதால் உடனடி ஆபத்து இல்லை, நீண்ட காலம் தொடர்ந்தால் உடல்நலப் பிரச்சினை வரலாம், அதனால் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். வாங்கியவர்கள் சாப்பிட வேண்டாம், சாப்பிட்டுக் கவலையாக இருந்தால் டாக்டரைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் வாங்கிய கடையைக் கேளுங்கள். முடிந்தது. ‘பீதியடைய வேண்டாம்’ என்ற வார்த்தையே இல்லை, ஆனால் படித்தவருக்குப் பீதி வராது.

இங்கே அந்தச் செய்தி ‘புற்றுநோய் மசாலா’ என்றுதான் வந்து இறங்கியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க மாதிரி எடுத்து, மே மாதம் எத்திலீன் ஆக்சைடு காணப்படவில்லை என்றது. இடைப்பட்ட வாரங்களில் சாம்பார் வைக்க வேண்டியவர் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை, உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2017இலேயே வந்துவிட்டன. 2025 ஜனவரியில் பூச்சிக்கொல்லி எச்சம் அதிகம் இருந்ததால் பதஞ்சலி நிறுவனம் ஒரே பேட்ச் மிளகாய்த்தூளை, 200 கிராம் பாக்கெட்டுகளாக 4 டன், ஆணையத்தின் உத்தரவுப்படி திரும்பப் பெற்றது. உங்கள் அம்மாவுக்கு அந்த விஷயம் தெரியுமா, கேட்டுப் பாருங்கள். பேட்ச் எண்ணோடு ஒழுங்காக நடந்த ஒன்று செய்தியின் ஓரத்தில் போகிறது, பேட்ச் எண் இல்லாத வீடியோ குடும்ப குரூப்பில் நாலு தடவை வருகிறது. சிங்கப்பூர் சின்ன ஊர், ஒரே அமைப்பு, எளிது என்பதும் உண்மைதான். அதற்காகத் தமிழில் நாலு வரி எழுதுவதற்கு இங்கே என்ன தடை?

புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? எங்கே கொடுப்பது?
வாசகர், தஞ்சாவூர்

சில சமயம் நடக்கும். உணவு என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மருந்து சாப்பிட்டு ஒவ்வாமையோ வேறு பாதிப்போ வந்தால் 1800 180 3024, கட்டணம் இல்லாத எண், நோயாளியே சொல்லலாம், டாக்டர் வழியாகப் போக வேண்டும் என்றில்லை. பாக்கெட்டின் முன்பக்கம் மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள், பலரும் செய்வது அதுதான். பின்பக்கம், பேட்ச் எண், தேதி, உரிம எண், கடை பில் எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். மிச்சம் இருக்கும் பொருளைத் தூக்கிப் போட்டுவிடாமல் மூடி, கெடக்கூடியது என்றால் ஃபிரிட்ஜில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மேலே ‘சாப்பிடாதே’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள், வீட்டில் யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.